கூடத்துச் சுவரில் வெளுக்காத இடம்

தனகோட்டி சார் வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. நான் கெட்ட வார்த்தையைச் சொல்லவில்லை, அதுவும் கிடையாதுதான். எல்லா வீட்டிலும் நாள் முழுக்கப் புழங்குகிற, நடை பழகும் குழந்தைக்குக்கூடச் சொல்கிற 'தொடாதே' என்ற வார்த்தை அந்த வீட்டில் நாற்பத்தைந்து வருஷமாகக் கிடையாது. அடுப்பில் பால் கொதித்தால் "சுடும்டா, தள்ளி நில்லு" என்பார்கள். சுவிட்ச் போர்டு என்றால் "ஷாக் அடிக்கும்". புதுசாகப் பெயிண்ட் அடித்த கதவு என்றால் "ஈரமா இருக்குது". அவ்வளவுதான்.

கல்யாணமாகி வந்த மறுநாளே மீனம்பாளிடம் சார் சொல்லிவிட்டார். ஒன்பது வயதில் அவர் தன் நைனாவோடு செஞ்சிச் சந்தைக்குப் போனபோது, டீக்கடைப் பலகையில் இருந்த கண்ணாடி கிளாஸைத் தெரியாமல் எடுக்கப் போயிருக்கிறார். காலனி ஆட்களுக்குப் பின்பக்கம் தனி கிளாஸ் இருந்த காலம். கடைக்காரர் அடிக்கவில்லை, வையவும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொன்னார். "அன்னிக்கி நான் டீ குடிக்கல. அந்த வார்த்தைய நம்ம வூட்ல யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது" என்றார் சார். மீனம்பாள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அந்த அம்மாளுக்கும் சொல்ல இதே மாதிரி ஒரு கதை இருந்தது.

இந்த வீட்டின் ஒரே பிள்ளை வீரமணி. இப்போது நாற்பத்திரண்டு வயது. அயர்லாந்தில் கார்க் என்கிற ஊரில், மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் இன்ஜினியர். போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மனைவி சுவாதி, மகள் நிலா எல்லாரும் அங்கேதான். நிலா சின்னவளாக இருந்தபோது ஓவன் பக்கம் கையைக் கொண்டுபோனால் "ஹாட், ஹாட்" என்று கத்துவானே தவிர, இங்கிலீஷில்கூட அந்த வார்த்தை அவன் வாயில் வராது. மியூசியத்தில் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேகமாகக் கடந்து போய்விடுவான். அந்த அளவுக்கு நைனாவின் பிள்ளைதான் அவன். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்கு அவன்மேல் ஆத்திரம் வருகிறது.

கார்க்கில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஓயாத மழையைத் தவிர. பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கை நீட்டிக் குலுக்குவார். கம்பெனியில் எல்லாரும் ஒரே கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, கழுவிக் கவிழ்த்த கோப்பைகளில் எது கைக்கு வருகிறதோ அதில் டீ குடிப்பார்கள். முதல் வாரம் அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டான். நைனாவின் டீக்கடைக் கதையை ஒருநாள் தன்னோடு வேலை பார்க்கும் ஐரிஷ்காரரிடம் முழுசாகச் சொன்னான். கூச்சமே இல்லை. அந்த மனுஷர் கண் கலங்கிவிட்டார்.

ஆனால் அதே வீரமணி, தமிழர்கள் கூடுகிற பொங்கல் விழாவுக்குப் போனால் வேறு ஆள். இருபது குடும்பம் சேர்ந்து ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்து, ஆளுக்கொரு பதார்த்தம் செய்து கொண்டுவருவார்கள். அங்கே நுழைந்ததும் அவன் காது இரண்டும் விடைத்துக்கொள்ளும். "செஞ்சியா? செஞ்சில எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டால், அது வழி கேட்கிற கேள்வி இல்லை என்று அவனுக்குத் தெரியும். "கோட்டைக்குப் பக்கத்துல" என்பான். கோட்டையிலிருந்து பார்த்தால் எல்லாமே பக்கம்தான்.

முதல் பொங்கலில்தான் குரு பழக்கமானான். வந்தவாசி பக்கத்துக்காரன், கலகலப்பானவன். சாப்பாட்டுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்குக் குலதெய்வம் எது?" என்று கேட்டான். அதுவும் எதற்காகக் கேட்கப்படுகிற கேள்வி என்று வீரமணிக்குத் தெரியும். அவர்களுக்கு ஏரிக்கரையில் இருக்கிற கன்னிமார்தான் சாமி. ஏழு கல், ஒரு வேப்பமரம். அதைச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, "மேல்மலையனூர் அங்காளம்மன்". செஞ்சிப் பக்கத்தில் யார் சொன்னாலும் பொருந்துகிற சாமி என்று நினைத்துச் சொன்னான்.

குரு தட்டைக் கீழே வைத்துவிட்டான். "அட! நமக்கும் அங்காளம்மாதான்! அப்ப நாம பங்காளிங்கப்பா!" என்று தோளில் கை போட்டான். வீரமணி ஆமாம் என்று தலையை ஆட்டினான். அன்றைக்கு ஆட்டிய தலை ஒன்பது வருஷமாக நிற்கவில்லை. குரு அதற்கப்புறம் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் பங்காளிதான். சுவாதிக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. "கேட்டா உண்மையச் சொல்லுங்க. சொல்ல இஷ்டமில்லன்னா, சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க. இது இன்னா பொழப்பு?" என்பாள். அவன் பாத்திரம் கழுவப் போய்விடுவான். உண்மை தெரிந்தால் குரு என்ன செய்திருப்பான்? தோளில் போட்ட கையை எடுத்திருப்பானா, இன்னும் இறுக்கியிருப்பானா? ஒன்பது வருஷத்தில் ஒருநாளாவது சொல்லிப் பார்த்திருக்கலாம். அந்தத் தைரியம் இல்லாமல் போனதுதான் கேவலம்.

இந்த ஏப்ரலில் வீரமணி தனியாக ஊருக்கு வந்தான். சுவாதிக்கு லீவு கிடைக்கவில்லை. வந்து நாலாவது நாள் குருவிடமிருந்து வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. அவனும் குடும்பத்தோடு லீவில் வந்திருக்கிறானாம். "பங்காளி, சனிக்கிழம மேல்மலையனூர் வர்றோம். ஞாயித்துக்கிழம காலைல பசங்களுக்குச் செஞ்சிக்கோட்டையக் காட்டிட்டு, மதியம் உங்க வூட்லதான் சாப்பாடு. அம்மா கையால கொழம்பு வேணும், சொல்லிடு!"

வீரமணி எழுந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். வீட்டைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. செஞ்சியிலிருந்து வல்லம் போகிற சாலையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, அவன் அனுப்பிய பணத்தில் ஆறு வருஷத்துக்கு முன்னால் இடித்துக் கட்டிய மாடி வீடு. டைல்ஸ், ஏசி, வாசலில் இரும்பு கேட். மொட்டை மாடியில் நின்றால் கோட்டையின் ராஜகிரி மலை முழுசாகத் தெரியும். தெருவுக்குச் சிமென்ட் போட்டாகிவிட்டது. காலனி என்று காட்டிக்கொடுக்க இரண்டே இரண்டுதான் இருந்தன. ஒன்று, மெயின் ரோட்டில் இருக்கிற பெயர்ப் பலகை. அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டான்: தானே பைக்கில் போய், ஏரிக்கரை வழியாகக் கூட்டிவந்துவிடுவது. இரண்டாவது, கூடத்தில் மாட்டியிருக்கிற அம்பேத்கர் படம்.

அது சாதாரணப் படம் இல்லை. தொண்டூரில் ஆசிரியராகச் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளத்தில் தனகோட்டி சார் வாங்கியது. நீலக் கோட்டு, கையில் புத்தகம், தேக்குச் சட்டம். கூரை வீட்டில் இருந்தது, ஓட்டு வீட்டில் இருந்தது, இப்போது மாடி வீட்டில் வாசலைப் பார்த்தபடி இருக்கிறது. காலனியில் இன்னும் சிலை வைக்கவில்லை. அதனால் வருஷா வருஷம் ஏப்ரல் பதினாலாம் தேதி காலையில் சார் வீட்டுப் படத்தைத்தான் எடுத்துப்போய், தெருமுனையில் நாற்காலி போட்டு வைத்து, மாலை போட்டுப் பிறந்த நாள் கொண்டாடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பதிமூன்றாம் தேதி.

ஞாயிறு காலையில் சார் கறி வாங்கச் செஞ்சிக்குப் போயிருந்தார். மீனம்பாள் அடுப்படியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி சத்தம் நிற்பதற்குள் வீரமணி ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றிவிட்டான். தன் ஸ்வெட்டரில் சுற்றி, பெட்டியில் உள்ளாடைகளுக்கு அடியில் வைத்து ஜிப்பை இழுத்தான். எல்லாம் இரண்டு நிமிஷம். திரும்பிப் பார்த்தால் வேலை வீணாகிவிட்டது தெரிந்தது. ஆறு வருஷத்தில் சுவரின் பச்சை வெளுத்துப்போயிருந்தது. படம் இருந்த இடம் மட்டும் அடித்த அன்றைக்கு இருந்த மாதிரி பளிச்சென்று கிளிப்பச்சையாக இருந்தது. கண்ணில்லாதவனைத் தவிர யாருக்கும் தெரியும். பதறிப்போய் நகைக்கடைக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதே ஆணியில் மாட்டினான். காலண்டர் சிறிசு. நாலு பக்கமும் கிளிப்பச்சை எட்டிப் பார்த்தது.

சார் கறியும் வாழையிலைக் கட்டுமாக உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். முப்பத்து நாலு வருஷம் பரீட்சை அறையில் நின்றவருக்கு, எவன் காப்பியடித்தான் என்று தெரிய இரண்டு பார்வை வேண்டாம்.

"வர்றவரு பேரு இன்னா சொன்ன?" என்று கேட்டார்.

"குரு, நைனா."

"உன்கூட வேல செய்றாரா?"

"இல்ல. பிரெண்டு."

"ஒன்பது வருஷமாவா?"

"ஆமா."

"சரி" என்றார் சார். கறியை அடுப்படியில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, காலண்டருக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கத்தியிருந்தால் வீரமணிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மணி பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை. ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை தெரு வரைக்கும் போனது. மீனம்பாள் இலைகளைத் துடைத்து அடுக்கினாள். அந்த அம்மாளும் சுவரைப் பார்த்திருந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டதோடு சரி. இரண்டு மணிக்கு போன் வந்தது.

"பங்காளி, மன்னிச்சுக்க. வெயில்ல கோட்ட ஏறினதுல சின்னவனுக்கு வாந்தி. வூட்டுக்காரி பயந்துட்டா. அப்படியே வந்தவாசிக்குத் திரும்பிட்டோம். அடுத்த தபா கண்டிப்பா வர்றேன். அம்மாகிட்ட சொல்லிடு, கொழம்பு பாக்கி!"

"பரவால்ல, பையனப் பாத்துக்க" என்றான் வீரமணி. போனை வைத்த பிறகு அவன் செய்தது என்ன தெரியுமா? நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டான். விட்ட மறுகணமே நைனா எதிரில் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்து, முகம் தீயில் காட்டிய மாதிரி ஆகிவிட்டது. யாருக்காகப் படத்தைக் கழற்றினானோ அவன் வரவே இல்லை.

மூன்று பேரும் சாப்பிட்டார்கள். எட்டு பேருக்குச் செய்த குழம்பு. யாரும் யாரையும் வேணுமா என்று கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து வீரமணி ஸ்டூலை எடுத்தான்.

"இன்னாத்துக்கு?" என்றார் சார்.

"படத்த மாட்டிடறேன், நைனா."

"இருக்கட்டும். நாளைக்கி எப்படியும் எடுக்கத்தான போறாங்க."

அவ்வளவுதான் பேச்சு. அன்று பொழுது சாயும்வரை சார் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கே வசந்தா வந்துவிட்டாள். இந்த வார்டு மெம்பர். சாரிடம் படித்தவள். பின்னாலேயே நாலு பேர், மாலை, மைக் செட், நீலக் கொடி. "சார், படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டபடி உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். "இன்னா சார், படத்தையே காணோம்? காலண்டர் தொங்குது?"

வீரமணி உள் அறைக் கதவைப் பார்த்தான். மீனம்பாள் அடுப்படி வாசலில் நின்றாள். நாலாம் வகுப்பில், வீட்டுப்பாட நோட்டு தொலைந்துவிட்டது என்று ஒரு பொய் சொன்னதற்காக இதே மகனை வெயிலில் ஒரு மணி நேரம் நிற்கவைத்தவர் தனகோட்டி சார். அவர் வசந்தாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"வீரமணிதாம்மா எறக்கினான். தொடச்சி, சுத்தம் பண்ணி உள்ள வெச்சிருக்கான். எடுத்துனு வாடா."

அவன் உள்ளே போனான். பெட்டியைத் திறந்தான். உள்ளாடைகளை ஒதுக்கினான். விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு இன்னும் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரோடு சேர்த்து எடுத்துக்கொண்டு வந்து வசந்தாவிடம் நீட்டினான்.

"பாத்தீங்களா, எவ்ளோ பத்திரமா துணில சுத்தி வெச்சிருக்குது!" என்று வசந்தா பின்னால் நின்றவர்களிடம் சொன்னாள். "வெளிநாட்ல இருந்தாலும் தம்பிக்கு மறக்கல பாருங்க. நம்மகூட வருஷா வருஷம் தூசியோடதான எடுத்துனு போறோம்."

அதோடு விட்டாளா? தெருமுனையில் நாற்காலியில் படத்தை வைத்ததும் மைக்கைப் பிடித்தாள். "அயர்லாந்து நாட்டுலேருந்து வந்திருக்கும் தம்பி வீரமணி, வந்ததும் வராததுமா தன் கையாலயே நம்ம அண்ணல் படத்த எறக்கி, தொடச்சி வெச்சிருக்காரு. இதான் சார் வளப்பு! அவருதான் இன்னிக்கி மொத மாலைய போடணும்." எல்லாரும் கை தட்டினார்கள். சிலர் போனில் படம் எடுத்தார்கள். மாலையை வாங்கி அவன் போட்டான். படத்தின் கண்ணாடியில் நீலக் கோட்டுக்கு மேலே அவன் முகம் தெரிந்தது. பார்க்க முடியாமல் குனிந்துகொண்டான்.

"ரெண்டு வார்த்த பேசு தம்பி" என்று மைக்கைக் கையில் திணித்தாள் வசந்தா.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். நான் துடைக்கவில்லை, ஒளித்து வைத்தேன் என்று ஒரே வரி. கூட்டத்தில் கடைசியில் நைனா நின்றிருந்தார். அவர் கண் இவன்மேல் இருந்தது. அந்த முகத்தில் கோபம் இல்லை. சொல்லிவிடுவான் என்று ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. இன்றைக்கும் வீரமணி சத்தியம் செய்வான், அது எதிர்பார்ப்புதான். "எல்லாருக்கும் வணக்கம்" என்றான். "நன்றி" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"பேச்சே வரல பாரு புள்ளைக்கி" என்று யாரோ நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்கள். மறுபடியும் கை தட்டினார்கள். சார் தரையைப் பார்த்தார்.

வெயில் ஏறியதும் விழா முடிந்தது. படத்தை யாரிடமும் கொடுக்காமல் சாரே மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்துவந்தார். காலண்டரைக் கழற்றிக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, எழுபத்தொரு வயது மனுஷர், ஒரு கையில் படம், ஒரு கையில் சுவர் என்று ஏறினார். ஸ்டூல் ஆடியது. படம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

வீரமணி ஓடிப்போய்ப் படத்தின் அடிப்பக்கத்தைத் தாங்க இரண்டு கையையும் நீட்டினான்.

"தொடாத" என்றார் சார்.

அடுப்படியில் மீனம்பாள் கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். சொன்னவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். ஸ்டூல்மேல் சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். திரும்பவும் இல்லை, அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. பிறகு ஆணியைத் தடவிக் கண்டுபிடித்து, தானே மாட்டிவிட்டு, தானே இறங்கினார்.

வீரமணியின் கைகள் நீட்டியபடியே இருந்தன. டீக்கடைக்காரர் சொன்னது, தெரியாமல் கிளாஸை எடுக்கப் போன ஒன்பது வயதுப் பையனிடம். இவன் எல்லாம் தெரிந்தவன். நாற்பத்தைந்து வருஷமாக அந்த வீட்டில் நெருப்புக்குக்கூட யாரும் சொல்லாத வார்த்தையை, அயர்லாந்திலிருந்து விமானம் ஏறி வந்து, அவனேதான் கேட்டு வாங்கிக்கொண்டான்.